விடிந்தால் ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே போய், அதைத் தவறவிட்ட ஒரு நெடுந்தீவுப் பெண்ணை எனக்குத் தெரியும். அந்தச் செய்தி வந்த காலையில் என் முதலாளி ஒரு வசனம் சொன்னார்.

“தீவாக்களுக்குக் கிழமையும் தெரியாதோ?”

அதைச் சுவரைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். மேசையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் தீவுதான், மண்கும்பான்.

சண்டை ஓய்ந்து, கொழும்புப் பாதை திறந்து, சனம் போக்குவரத்துச் செய்யத் தொடங்கியிருந்த காலம் அது. யாழ்ப்பாணப் பட்டினத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், விமானப் பயணச்சீட்டு விற்கும் ஒரு ரிக்கற் கடையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். காலையில் குறிகட்டுவான் இறங்குதுறையில் இருந்து வரும் பஸ்ஸை மறித்து ஏறுவேன். சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, திரும்ப ஏறி, பண்ணைப் பாலத்தைத் தாண்டி வந்து கடையைக் கூட்டித் துடைத்து, கணினியைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருக்கும்போதுதான் முதலாளி வருவார். அவர் பட்டினத்தில் பிறந்து பட்டினத்திலேயே இருப்பவர். ஒரு நாளும் என்னை முந்தி வந்ததில்லை.

வேலைக்குக் கேட்டுப் போன நாளில், “எந்த இடம் பிள்ளை?” என்றார். சொன்னேன். “தீவோ?” என்று இழுத்தார்.

“ஓம், தீவுதான். பாலம் கிடக்கு. நேரத்துக்கு வருவன்.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் நான். முடிக்காமல் வெளியே வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அப்பா பெருவிரலை மையில் தோய்ப்பவர். அம்மா பஸ்ஸை அதன் நிறத்தைப் பார்த்து ஏறுபவர். அண்ணன்மார் மூவரும் எழுத்துக்கூட்டத் தொடங்கிய வயதில் கடலுக்குப் போனார்கள். இடம்பெயர்ந்த ஊர்களின் கொட்டில்களிலும் மரங்களுக்குக் கீழும் படித்து, பட்டினத்தில் உயர்தரம் எழுதி, கணினி வகுப்புக்கும் போய் நான் அந்தக் கதிரைக்கு வந்திருந்தேன். அதில் கூனி இருக்கும் எண்ணம் எனக்கு ஒருநாளும் வரவில்லை.

கடையின் பெருமை அதன் இணையப் பக்கம். முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் கொழும்பில் இருந்து அதைச் செய்து கொடுத்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைத் திறந்து, தாய்தகப்பனுக்குத் தேவையான பயணத்தைத் தேடலாம். எங்கிருந்து, எங்கே, எந்தத் திகதி என்று மூன்று பெட்டிகள். பிறகு ஒரு வரிசை விழும். அந்த வரிசையை அடுக்க ஒரேயொரு வழிதான் இருந்தது: மலிவானது முதலில்.

விலை பெரிய சிவப்பு எழுத்தில் நிற்கும். பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தின் அர்த்தத்தைத் தேடி இறங்கினால், பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில், வரியும் எரிபொருட் கட்டணமும் இதில் சேரவில்லை, சில ரிக்கற்றுகளை மாற்ற முடியாது, பணமும் திரும்பாது என்று இருக்கும். ஆர் இறங்கிப் பார்ப்பார்கள்? எல்லாரும் சிவப்பைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். உண்மையான விலையைத் தொலைபேசியில் சொல்லி ஏச்சு வாங்குவது என்னுடைய வேலை.

“சிவப்பிலை கிடக்கிற விலைக்கு ஒருத்தரும் பறக்கேலாது, ஐயா. முழு விலையைப் போட்டால் என்ன?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மீனுக்கு முதல்ல இரை போட வேணும். கடற்கரைப் பிள்ளை, உமக்குச் சொல்லித் தரோணுமே?”

“இரை போடுறது பிடிச்சுத் தின்னுறதுக்கு, ஐயா. இவை எங்களுக்குக் காசு தாற ஆக்கள்.”

அவர் சிரித்துவிட்டுத் தேநீர் வாங்கிவரச் சொன்னார். நான் போகவில்லை. தேநீர் என் வேலையில் இல்லை என்று முதல் வாரமே சொல்லியிருந்தேன். அவருக்கு அது மறந்து மறந்து போகும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நெடுந்தீவுப் பெண் வந்தார். நான் அவரை மாமி என்று கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். நல்ல உயரம். கஞ்சி போட்ட சேலை, கையில் வாய்கட்டிய பை. காலை வள்ளத்தில் குறிகட்டுவானுக்கு வந்து, நான் வந்த பஸ்ஸிலேயே வந்திருக்கிறார். கடையில் என்னைக் கண்டதும், “நீர் சாவடியிலை எனக்கு முன்னுக்கு நிண்ட பெட்டையெல்லே?” என்றார். அதன் பிறகு முதலாளியைவிட என்னோடுதான் அதிகம் கதைத்தார்.

அவருடைய மகள் பாரிசில். தலைப்பிள்ளை வயிற்றில். மருமகனுக்கு உணவுக்கடைக் குசினியில் வேலை, போனால் நடுச்சாமத்துக்குத்தான் வருவான்.

“அவளுக்கு நோ வந்தா, கையைப் பிடிக்கிறதுக்கு ஆர் இருக்கினம், மோனை? பாஷை தெரியாத வெள்ளைக்காரியோ? நான் போய்ப் பக்கத்திலை நிக்கோணும். அது பிறக்க முதல் போகோணும். பிறந்தாப் பிறகு போறதெண்டா நான் ஏன் போறன், படத்தை அனுப்பட்டும், பாக்கிறன்.”

விசா கிடைத்துவிட்டது. மருமகன் அங்கிருந்து எங்கள் பக்கத்தைத் திறந்து, சிவப்பில் முதலாவதாக நின்றதைத் தெரிந்தெடுத்து, மீதி விலைக்கு என்னை ஏசி, பணத்தையும் கட்டிவிட்டான். மாமி வந்தது அச்சடித்த ரிக்கற்றை வாங்குவதற்கு. முதலாளி அதை நீட்டினார். ஒரு காதில் தொலைபேசி இருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை, அம்மா.”

“பகலோ இரவோ, தம்பி?”

அவரைத் தம்பி என்று கூப்பிட்டது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. “இரவு. பன்னிரண்டு ஐம்பது. மூண்டு மணித்தியாலம் முந்திப் போய் நிக்க வேணும்.”

“அப்ப ஞாயிறு காலமை கொழும்பிலை, கொட்டாஞ்சேனை மாதா கோயிலிலை பூசை கண்டிட்டு, ஆறுதலாப் போகலாம்.”

“ஓம் ஓம், காணுங்கோ,” என்றார் முதலாளி, மற்றக் காதில் வேறு ஒருவருக்குத் தலையாட்டிக்கொண்டு.

நான் இரண்டடி தள்ளி இருந்தேன். எல்லாம் கேட்டது. எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. நாள் முழுக்க அந்தப் பக்கத்தோடு மாரடித்த எனக்கே அது ஞாயிறு இரவாகத்தான் கேட்டது. “படிச்ச பிள்ளை, நீராவது கவனிச்சிருக்க வேண்டாமே?” என்று முதலாளி பிறகு கேட்டார். நான் கவனிக்காததில்தான் விஷயமே இருக்கிறது என்று அவருக்குச் சொன்னேன். ஏன் என்று இங்கேயும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை கொழும்பில் இருந்து தொலைபேசி வந்தது. கொட்டாஞ்சேனை லொட்ஜில் இருந்து மாமி.

“பிள்ளை, பிளேன் என்னை விட்டிட்டுப் போட்டுது. முந்தநாள் இரவே போட்டுதாம். ஞாயிறு எண்டுதானே அந்தத் தம்பி சொன்னவர்? நேற்றுத்தானே ஞாயிறு? நான் பூசை கண்டிட்டு, சோத்தையும் கட்டிக்கொண்டு, வெள்ளனவாத்தானே போய் நிண்டனான்!”

அவர் அழவில்லை. ஞாயிறு எப்போது ஞாயிறு இல்லாமல் போனது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையில் இருந்த ரிக்கற் பிரதியை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு, பூச்சியம் பூச்சியம் ஐம்பது. விமானக்காரரின் கடிகாரத்தில் சனிக்கிழமை நள்ளிரவு தாண்டியவுடனேயே ஞாயிறு பிறந்துவிடுகிறது. அந்த ஞாயிறு தொடங்கிச் சற்று நேரத்தில் விமானம் போய்விட்டது. மாமியோ ஞாயிற்றுக்கிழமை விடிந்து, பூசை முடிந்து, பொழுதுபட்டு, அதற்குப் பிறகு வரும் இரவுக்குப் போயிருக்கிறார்.

அப்போதுதான் முதலாளி, தீவாக்களுக்குக் கிழமையும் தெரியாதோ என்ற அந்த வசனத்தைச் சொன்னார். சொல்லிவிட்டு ஒரு கட்டளையும் போட்டார். “மருமோன் இப்ப ரெலிபோன் எடுப்பான். நீரே கதையும், உம்மட ஆக்கள்தானே. நாங்கள் திகதியைச் சொன்னனாங்கள், மனுசி பிழையா விளங்கிப்போட்டுது எண்டு சொல்லும். உது மாத்தேலாத ரிக்கற். காசு போனது போனதுதான்.”

எங்கள் கத்தோலிக்கக் கரையில் ஞாயிறு தொழில் இல்லை. அப்பா சனிக்கிழமை பொழுதுபடக் கடலுக்குப் போவார். இரவு முழுக்க வலையோடு நின்று, ஞாயிறு விடியும்போது கரைக்கு வந்து, குளித்துவிட்டுப் பூசைக்குப் போவார். அவர் ஞாயிறு தொழில் செய்ததாகச் சுவாமியாரும் சொல்லமாட்டார், கரையில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். அது சனிக்கிழமைக் கடல். அந்த மீன் சனிக்கிழமைப் பாடு. வெளிக்கிட்ட நாளுக்குத்தான் இரவு சொந்தம். நடுச்சாமத்தில் கடலுக்கு நடுவில் நிற்கிறவனிடம் கிழமை மாறிவிட்டது என்று சொன்னால், எங்கே மாறியது, காட்டு என்று கேட்பான். நெடுந்தீவிலும் அதே கணக்குத்தான். மாமியின் புருசனும் அதே சனிக்கிழமைக் கடலுக்குப் போனவர்தான்.

இதை நான் முதலாளிக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, “விமானக்காரன் உங்கட வள்ளத்தைப் பாத்தே மணி வைக்கிறவன்?” என்று சிரித்தார்.

தொலைபேசி அடித்தது. பாரிஸ்.

“அந்த மனுசிக்கு ஒரு திகதி பாக்கத் தெரியாதே?” என்று தொடங்கினான் மருமகன். “எத்தினை நாள் கோப்பை கழுவின காசு தெரியுமே? இவள் இஞ்சை அழுதுகொண்டு கிடக்கிறாள். மனுசி என்ன விசர்வேலை பாத்துப்போட்டு நிக்குது?”

முதலாளி எனக்கு எதிரே நின்று, கையால் ‘சொல்லும், சொல்லும்’ என்று காட்டினார்.

“அண்ணை,” என்றேன், “உங்கட மாமி ஒரு விசர்வேலையும் பாக்கேல்லை. ஞாயிறு எண்டு சொன்னது எங்கட கடை. இரவு எண்டு சொன்னதும் எங்கட கடை. அவ ஞாயிறு இரவு போய் நிண்டவ. அது சனி இரவு எண்டு எங்கட பக்கத்திலையும் இல்லை, ரிக்கற்றிலையும் இல்லை, எங்கட வாயிலையும் வரேல்லை. பிழை எங்கட பக்கம். அவவை ஏசாதேங்கோ.”

அவன், “அப்ப நீங்கள் ஏத்தி விடுங்கோ. இல்லாட்டி இஞ்சை உங்கட கடை விளம்பரத் துண்டு ஒட்டியிருக்கிற சாமான் கடையள் முழுக்கப் போய், எல்லாத்தையும் சொல்லிப்போட்டுக் கிழிப்பன்,” என்றான்.

தொலைபேசியை வைத்தேன். முதலாளியின் கழுத்து சிவந்திருந்தது.

“ஆற்ற சம்பளத்திலை இருந்துகொண்டு ஆருக்காகக் கதைக்கிறீர்? நீர் நாளைக்கு வரவேண்டாம்.”

“நாளைக்கு எண்டா பன்னிரண்டு மணிக்குப் பிறகோ ஐயா, விடிஞ்சாப் பிறகோ?”

இதைச் சொல்லிவிட்டு நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். வழி முழுக்க வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொண்டு போனேன். வீட்டில் என் சம்பளத்தில்தான் சின்ன அண்ணனின் வலைக்குத் தவணை போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் நான் கேட்டுவிட்டு வந்த கேள்வியை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு சிரிப்பு வந்தது. இன்றைக்கும் வருகிறது.

மறுநாள் வழமைபோலப் போய்க் கடையைத் திறந்தேன். பூட்டுத் திறப்பு என்னிடம் இருந்தது.

“ஏன் வந்தனீர்?”

“மாமியை ஏத்திப்போட்டுப் போறன்.”

அவர் என்னைத் துரத்தவில்லை. பாரிசில் இருந்து ஏற்கெனவே இரண்டுமுறை அழைப்பு வந்திருந்தது, அதை எடுக்க அவருக்கு விருப்பமில்லை. நான் விமானக் கம்பெனியின் கொழும்புக் காரியாலயத்துக்கு எடுத்தேன். பள்ளிக்கூடத்து ஆங்கிலம்தான். ஒரு வசனத்தைத் தொடங்கினால் முடிக்கும்வரை விடுவதில்லை என்று பிடிவாதமாகக் கதைத்தேன். ஒருவர் இன்னொருவரிடம் விட்டார், அவர் இன்னொருவரிடம் விட்டார். கடைசியாக வந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டார். பயணியின் பிழை என்றால் ஒன்றும் செய்ய முடியாது, நேரத்தைப் பிழையாக விளங்கப்படுத்தியது முகவரின் பிழை என்று முகவரே எழுதித் தந்தால், தண்டத்தோடு அடுத்த வாரம் இடம் தரலாம் என்றார்.

முகவர் என்றால் நாங்கள். எழுதுவதற்கு முதலாளி சம்மதித்தார். ஆனால் அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சுச் செய்த கடிதத்தில், ‘எமது ஊழியர் ஒருவர்’ என்று வந்தது.

“எந்த ஊழியர், ஐயா?”

“நீர்தான். ஒரு பேச்சுக்கு. கீழை ஒரு ஒப்பத்தைப் போடும், அலுவல் முடிஞ்சுது.”

“சொன்னது நீங்கள்.”

“ஆர் சொன்னா என்ன, பிள்ளை? அந்த மனுசி போகோணுமோ வேண்டாமோ?”

அந்த இடத்தில் அவர் என்னைச் சரியாகவே பிடித்திருந்தார். நான் ஒப்பம் வைத்தால் மாமி போவார். வைக்காவிட்டால் பேரப்பிள்ளை பிறக்கும்போது மாமி லொட்ஜில் இருப்பார். மாமிக்காக வைத்துவிடலாம் என்று ஒருகணம் பேனாவையும் எடுத்தேன். பிறகு அதை மேசையில் வைத்தேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான். அந்தக் கையெழுத்து, நான் சொல்லாத ஒன்றைச் சொன்னேன் என்பதற்கு நிற்காது.

“நான் வைக்கமாட்டன். நீங்கள் வையுங்கோ. வைக்காட்டி, பாரிசிலை இருந்து எடுக்கிறவருக்கு இப்ப நடந்ததையும் சேர்த்துச் சொல்லுவன்.”

“உமக்கு வாய் கூடிப்போச்சு.”

“ஓம்.”

அவர் கடிதத்தை இழுத்து, ‘ஊழியர் ஒருவர்’ என்பதை வெட்டிவிட்டு, ஒப்பம் வைத்தார். பேனா தாளைக் கிழித்தது. தண்டத்தில் பாதி கடையின் தலையில் விழுந்தது. அதற்காக அவர் பல நாட்கள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, வரவேண்டாம் என்றும் பிறகு சொல்லவில்லை, எனக்கும் வேலை ஒழுங்காக நடந்தது.

லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்து மாமிக்குச் சொன்னேன். “அடுத்த கிழமை வியாழன் பொழுதுபட வெளிக்கிடுங்கோ, மாமி. வியாழன் இரவு. விடிஞ்சா வெள்ளி.”

“அப்பிடி விளங்கச் சொல்லன், மோனை! அண்டைக்கும் உப்பிடிச் சொல்லியிருந்தா நான் ஏன் இஞ்சை மூட்டைப்பூச்சியோடை படுக்கிறன்?”

அந்த நான்கு சொற்களை எங்கள் பக்கத்தில் ஏற்றவேண்டும் என்று நான் முடிவெடுத்தது அப்போதுதான். முதலாளியைக் கேட்கவில்லை. கொழும்பில் இருந்து பக்கத்தைச் செய்து கொடுத்த கணினிக்காரருக்கு நேரே எடுத்தேன். கொழும்பில் வளர்ந்தவர், பகிடிக்காரர்.

“இருபத்துநாலு மணித்தியாலக் கணக்கு உலகம் முழுக்க ஒண்ணுதான், தங்கச்சி. நான் மாத்த ஏலாது.”

“விமானக்காரன்ர மணியை மாத்தச் சொல்லேல்லை, அண்ணை. அதுக்குப் பக்கத்திலை எங்கட கணக்கையும் போடச் சொல்லுறன். ‘சனி இரவு, விடிந்தால் ஞாயிறு’ எண்டு. அதோடை, சனி இரவு எண்டு தேடுற ஆளுக்கு அந்தச் சாமத்துப் பிளேனும் வரிசையிலை விழ வேணும். இப்ப அது ஞாயிறுக்குள்ளை போய் ஒளிச்சு நிக்குது.”

“சரி. உங்க இரவு எத்தனை மணிக்கு முடியும்?”

“விடியேக்கை.”

“கொம்பியூட்டருக்கு விடியல் தெரியாது. மணி சொல்லுங்க.”

“ஐஞ்சு.”

“அப்ப ஞாயிறு காலையில நாலு மணிப் பிளேனுக்கு உங்க ஊர் ஆட்கள் என்னன்னு சொல்லுவாங்க? சனி இரவு நாலு மணின்னா?”

ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. “ஞாயிறு விடியப்புறம் நாலு மணி எண்டு சொல்லுவினம்.”

“பாத்தீங்களா! அப்ப அது ஞாயிறாப் போச்சே. மூணு?”

மூன்றை நான் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சாமம் மூன்று மணி என்றும் சொல்கிறார்கள், விடியப்புறம் மூன்று மணி என்றும் சொல்கிறார்கள். நெத்தலி மீனுக்குப் போகிறவர்கள் ஒருமாதிரி, பஸ்ஸுக்குப் போகிறவர்கள் இன்னொருமாதிரி. தெரியாது என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல், “மூண்டுக்கு வெட்டுங்கோ,” என்றேன்.

“மூணுக்கு வெட்டிட்டேன். உலகத்தில வேற எந்தக் கம்பெனியும் இப்படி வைச்சிருக்கிறதா நான் பாக்கல்ல.”

“அப்ப நாங்கள் முதல்ல வைப்பம்.”

அந்த நாட்களில் தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் தெரியாது. கனடாவில் திறந்தால் பெட்டி பெட்டியாக விழும். அதனால் நான் ஏழு கிழமைக்கும் ஏழு வரிகளைத் தட்டச்சுச் செய்து அனுப்ப, அவர் அவற்றை ஏழு படங்களாக்கி, மணிக்குப் பக்கத்தில் ஒட்டினார். படம் மெதுவாகத்தான் இறங்கும். முதலில் பூச்சியம் பூச்சியம் ஐம்பது தெரியும். பிறகு மேலிருந்து கீழாக, ஒரு திரை விழுவதுபோல, ‘சனி இரவு, விடிந்தால் ஞாயிறு’ என்று வரும். நான் தட்டச்சுச் செய்த எழுத்துகள்.

முதலாளி அதைக் கண்டபோது, “இது என்ன, பஞ்சாங்கமே?” என்றார். எடுக்கச் சொல்லவில்லை. இன்னொரு தண்டம் கட்ட அவருக்கும் விருப்பமில்லை.

விலைக்குத்தான் அவர் அசையவில்லை. சிவப்பு எழுத்தைத் தொட்டால் கடையை இழுத்து மூடவேண்டும் என்றார். கணினிக்காரரும், “அதை முதலாளி சொன்னாத்தான்,” என்று கையை விரித்துவிட்டார். அதனால் நான் என் வாயால் மாற்றினேன். தொலைபேசியில் யார் எடுத்தாலும் வணக்கத்துக்கு அடுத்தபடியாக முழு விலையைச் சொன்னேன். வரியோடு, எரிபொருளோடு, ஒரு சதம் ஒளிக்காமல். பிறகு, மாற்றலாமா மாற்ற முடியாதா என்று சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர்கள் என்ன கேட்க வந்தார்கள் என்று கேட்டேன்.

சிலர் டக்கென்று வைத்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் முதலாளி எனக்குக் கேட்கும்படி சத்தமாக எண்ணினார். “இன்னொராள் போட்டார். அடுத்த கடைக்கு.”

“போகட்டும். அங்கை போய் அடியிலை கிடக்கிற எறும்பு எழுத்தைப் பாத்திட்டு வருவார்.”

திரும்பி வந்தவர்களும் இருந்தார்கள், வராதவர்களும் இருந்தார்கள். எல்லாரும் வந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஒரு நாள் ஒருவர் முதலாளியிடமே, “அந்த முழு விலை சொல்லுற பிள்ளையிட்டைக் குடுங்கோ,” என்று கேட்டார். முதலாளி தொலைபேசியை என்னிடம் நீட்டியபோது அவர் முகத்தை நான் வேண்டுமென்றே நன்றாகப் பார்த்தேன். அடுத்த மாதம் சிவப்பு விலைக்குக் கீழே, கறுப்பில், சின்னதாக, முழு விலை வந்தது. தேடும் பெட்டிகளுக்கு அருகே ‘மாற்றக்கூடியவை மட்டும்’ என்று இன்னொரு பெட்டியும் வந்தது. சிவப்பு அப்படியே நின்றது. அதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். பிறகு சண்டை திரும்பத் தொடங்கிக் கொழும்புப் பாதை பூட்டப்பட்டு, கடையும் பூட்டப்படும்வரை அந்தச் சிவப்போடு நான் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாமி அந்த வியாழன் இரவே ஏறிவிட்டார். அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பாரிசில் இருந்து அழைப்பு வந்தது. முதலாளி பயத்தில் என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன்.

“பிள்ளை! பெட்டைக்குஞ்சு! தாயைப்போலை நிறம், தேப்பனைப்போலை சத்தம். நான் பக்கத்திலைதான் நிண்டனான். அவள் என்ர கையை நசிச்ச நசியிலை வளையல் ரெண்டு உடைஞ்சு போட்டுது.”

“சந்தோசம், மாமி. எப்ப பிறந்தது?”

“அதைத்தான் கேளன். ஆசுப்பத்திரியிலை வியாழன் எண்டு எழுதிப்போட்டாங்கள். ரெண்டு மணி, கும்மிருட்டு, தெருவிலை ஒரு நாய் இல்லை. வியாழனாம்! நான் விடேல்லை. புதன் எண்டு எழுதச் சொன்னனான். அந்த வெள்ளைக்காரி சிரிக்கிறாள். மருமோனும் அவளோடை சேர்ந்து சிரிக்கிறான், மாத்தேலாதாம்.”

“அவங்கட தாளிலை அப்பிடியே கிடக்கட்டும், மாமி. நீங்கள் வீட்டிலை சரியாச் சொல்லி வளத்தெடுங்கோ.”

“பின்னை, வேறென்ன?” என்றார் மாமி.

தொலைபேசியை வைத்ததும் முதலாளி, “என்னவாம்? பேந்தும் காசு கேக்கினமோ?” என்று கேட்டார்.

“பேத்தி பிறந்திட்டுதாம். இவ பக்கத்திலை நிண்டவவாம்.”

அவருக்கு உண்மையிலேயே நிம்மதி. கதிரையில் சாய்ந்தார். “எப்ப பிறந்ததாம்?”

“சாமம் ரெண்டு மணிக்கு. புதன் பொழுதுபட்டு நோ தொடங்கி, வியாழன் விடிய முதல்.”

“அப்ப புதன் இரவு எண்டு சொல்லும்,” என்றார் முதலாளி.

“அதைத்தான் ஐயா நானும் சொல்லுறன்,” என்றேன்.